ஜனாதிபதி விட்டுப்போன நிழல்கள்

இரண்டு சமுத்திரங்களுக்கு நடுவே ஒடுங்கி நெளிந்து கிடக்கிற நாடு அது. ஒரு கடலில் குளித்துவிட்டுத் தலை காய்வதற்குள் இன்னொரு கடலுக்குப் போய்விடலாம் என்று அந்த நாட்டுக்காரர்களே தங்களைக் கேலி பேசிக்கொள்வார்கள். ஆனால் பஸ்ஸில் போகிறவனுக்கு அது நடக்காது, ஏனென்றால் பஸ் கிளம்பினால்தானே? விடிகாலையில் ஏறி, மடியில் கோழியையும் காலடியில் வெங்காய மூட்டையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், உச்சி வெயிலில் கண்டக்டரைப் பார்த்து எப்போது கிளம்பும் என்று கேட்பான். கண்டக்டர் ஒரே வார்த்தை சொல்வான், "ஓரீத்தா." உட்கார்ந்தவன் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி தூங்கிப்போவான்.

அந்த வார்த்தையைப் பற்றிச் சொல்லாமல் கதையை நகர்த்த முடியாது. 'இப்போது' என்பதற்கு அவர்கள் பேச்சில் 'ஓரா' என்று ஒரு சொல் உண்டு. அதற்கு ஒரு செல்ல வாலை ஒட்டிவிட்டால் ஓரீத்தா. வால் ஒட்டினதும் அதற்கு இப்போது என்றும் அர்த்தம், சாயங்காலம் என்றும் அர்த்தம், அடுத்த வருஷம் என்றும் அர்த்தம், போடா உனக்கு வேற வேலை இல்லை என்றும் அர்த்தம். நம் ஊரில் 'இதோ வந்துட்டேன்' என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் ஒரு மனுஷன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போவான் இல்லையா, அந்த 'இதோ'தான் அது.

அந்தச் சொல்லைக் கசிமீரோ உர்பினா மாதிரிச் சொன்ன ஆள் அந்த நாட்டில் பிறக்கவில்லை. அவர் பிறந்ததே ஒரு பஸ் நிலையத்தில்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி ஓரீத்தா கிளம்பிவிடும் என்று காத்திருந்த அவருடைய அம்மா, காத்திருந்து பார்த்துவிட்டு, அங்கேயே பெற்றுப் போட்டாள். மீசை அரும்புவதற்கு முன்பே கசிமீரோ கண்டக்டர் ஆனார். அவர் படிக்கட்டில் ஒரு காலை வைத்து, தொப்பியைப் பிடித்த கையை உயர்த்தி, ஒரு ஓரீத்தா போட்டாரானால், சண்டைக்கு எழுந்தவன்கூடச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அதில் அத்தனை பிரியம் இருக்கும். பொய் சொல்கிறோம் என்று அவருக்கும் தோன்றாது, பொய் கேட்கிறோம் என்று கேட்கிறவனுக்கும் தோன்றாது. ஒருமுறை நாடு முழுக்க பஸ்கள் ஓடாமல் நின்றபோது, டிரைவர்களிடம் போய் ஒரு ஓரீத்தாவும் மந்திரியிடம் போய் ஒரு ஓரீத்தாவும் சொன்னார், இரண்டு பக்கத்தாரும் ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கே அவருடைய எதிர்காலம் முடிவாகிவிட்டது. சங்கத் தலைவர் ஆனார், சட்டசபைக்குப் போனார், மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'தோன்' சேர்த்துக்கொண்டார்கள், கடைசியில் ஜனாதிபதி தேர்தலுக்கே நின்றார்.

நிழல் விவகாரம் அந்தப் பிரசாரத்தில்தான் தொடங்கியது. பார்தோ ஆற்றங்கரையில் சாந்தா ரீத்தா என்று ஒரு ஊர். ஆறு பழுப்பாக, அகலமாக, பார்த்தால் சாதுவாக இருக்கும். மழை பிடித்தால் ஆளை விழுங்கும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைவீதி எல்லாம் அக்கரையில். இக்கரையில் இருந்தது ஒரு மாதா கோயிலும், மரம் ஒன்றுகூடப் பிழைக்காத ஒரு பெரிய சதுக்கமும்தான். அந்தச் சதுக்கத்தில் மேடை போட்டு, பட்டப்பகலில் கசிமீரோ பேசி முடித்தபோது, இடுப்பில் பெண் குழந்தையோடு முன்னால் வந்தாள் தொமித்திலா. அவள் புருஷன் ஓடக்காரன், போன வெள்ளத்தில் ஓடத்தோடு போனவன்.

"தோன் கசிமீரோ, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இந்தப் பிள்ளை நாளைக்கு அக்கரைக்குப் படிக்கப் போகணும். அவ அப்பா போன வழியில அவ போகக் கூடாது. பாலம் எப்ப வரும்?"

கசிமீரோ உண்மையான பிரியத்தோடு குழந்தையின் தலையைத் தொட்டார். தொப்பியைப் பிடித்த கையை உயர்த்தினார். "ஓரீத்தா, தாயி," என்றார்.

ஊர் கை தட்டியது. அவர் வண்டி ஏறிப் போய்விட்டார். நிழல் போகவில்லை. மேடையிலிருந்து கோயில் வாசல் வரைக்கும், தொப்பியும் தூக்கிய கையுமாக, சதுக்கத்தில் மல்லாந்து கிடந்தது.

அடுத்த ஊர் எல்லையில் அவர் இறங்கியபோது டிரைவர்தான் கவனித்தான். "தோன் கசிமீரோ, உங்க நிழலைக் காணோமே." அவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், காலைத் தூக்கி அடியிலும் பார்த்துக்கொண்டார். "சாந்தா ரீத்தாவுல விட்டுட்டேன் போல. திரும்பி வர்றப்ப எடுத்துக்கலாம்," என்றார், குடையை மறந்து வைத்தவர் சொல்வது மாதிரி. மறுநாள் காலையில் பார்த்தால் புதிதாக ஒரு நிழல் முளைத்திருந்தது, கொஞ்சம் வெளிறலாக. அதைக் கிணறு கேட்ட லாஸ் பால்மாஸில் விட்டார். அதற்கடுத்ததைப் பள்ளிக்கூடம் கேட்ட ஊரில் விட்டார். இப்படியே ஊருக்கு ஒன்றாக விட்டுக்கொண்டு போய், அவர் பதவி ஏற்ற அன்று மார்புக்குக் குறுக்கே ஜனாதிபதிப் பட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றபோது, காலடியில் ஒன்றுமே இல்லை. யாரும் ஆச்சரியப்படவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவரவர் ஊரில் அவரவர்களுக்குத் தெரியும்.

அந்த நாட்டு வெயில் லேசுப்பட்டதல்ல. சூரியன் எந்தப் பக்கம் போனாலும் நகராத, மழையிலும் அழியாத ஒரு நிழல் இலவசமாகக் கிடைத்தால் சும்மா விடுவார்களா? சாந்தா ரீத்தாவில் முதலில் வந்தவை கோழிகள். பின்னால் கழுதைகளைக் கொண்டுவந்து கட்டினார்கள். பிறகு சீட்டாடுகிறவர்கள் மேசையோடு வந்து இடது காலில் இடம் பிடித்தார்கள். ஊர்த் தலைவரும் முடிதிருத்துகிறவருமான தோன் ப்ரூனோ தன் நாற்காலியையும் நீளப் பலகையையும் கொண்டுவந்து, சரியாக ஜனாதிபதியின் வயிற்றில் போட்டு, 'நிழல் சலூன்' என்று ஒரு போர்டும் மாட்டிவிட்டார். தூக்கிய கையின் இடுக்கில் காதலர்கள் உட்கார்ந்தார்கள். பாதிரியாருக்கு மட்டும், தலை கோயில் வாசலை இடிக்கிறதே என்று ஒரு சங்கடம் இருந்தது; யோசித்துப் பார்த்துவிட்டு, வாசல் வரை வரலாம், உள்ளே வரக் கூடாது என்று நிழலிடமே சொல்லிவிட்டார், அதுவும் கேட்டுக்கொண்டது. தொமித்திலா தொப்பியில் இடம் பிடித்தாள். மக்காச்சோள மாவில் கறி வைத்து, வாழையிலையில் மடித்து அவித்த தமாலை அங்கே மேசை போட்டு விற்றாள். மூன்று ஊர் ஜனங்கள் வந்து வாங்கினார்கள், நிழலில் உட்கார்ந்து சாப்பிட வேறு எங்கே போவார்கள்?

கடைசியாகப் பிரசாரம் போன ஊர்களுக்கு நீர்மோர் மாதிரி நிழல்தான் வாய்த்தது. எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர்கள் தலைநகருக்கு ஊர்வலம் போனார்கள். நிழலே கிடைக்காத மலைக்கிராமம் ஒன்றில், ஜனாதிபதியின் காரை மறித்து, எங்களுக்கும் ஏதாவது வாக்குக் கொடுத்தால்தான் விடுவோம் என்று ரோட்டில் படுத்துக்கொண்டார்கள். என்ன வேண்டும் என்றார் அவர். எதுவானாலும் சரி, நிறைவேற்ற முடியாததாக இருந்தால் ரொம்ப நல்லது என்றார்கள். நிழல் முளைப்பது நின்றுபோய் நாளாயிற்று என்று அவர் தன் காலடியைக் காட்டின பிறகுதான் எழுந்து வழிவிட்டார்கள்.

எதிர்க்கட்சி வழக்குப் போட்டது. ஜனாதிபதி இந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும், வயது வந்திருக்க வேண்டும், அரசியல் சட்டம் இவ்வளவுதான் கேட்கிறது, நிழலைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை என்று நீதிபதிகள் தீர்ப்பு எழுதிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

கசிமீரோ கெட்ட மனுஷன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அரண்மனைக்குள் நுழைந்த முதல் நாளே மந்திரிகளைக் கூப்பிட்டு, சாந்தா ரீத்தா பாலம் என்னவாயிற்று என்று கேட்டார். "ஓரீத்தா, ஜனாதிபதி அவர்களே," என்றார் பாலத்து மந்திரி. லாஸ் பால்மாஸ் கிணறு? ஓரீத்தா. பள்ளிக்கூடம்? ஓரீத்தா. இவர் சின்ன வயதிலிருந்து விற்ற சரக்கை இவருக்கே விற்றார்கள், அதுவும் அதே பிரியத்தோடு. இவரும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வருஷங்கள் அப்படியே போயின. அவருக்கு இருந்த ஒரே கஷ்டம் உடம்பில்தான். தன் நிழல் இல்லாதவனுக்கு எந்த நிழலிலும் குளிர்ச்சி தெரியாது போலிருக்கிறது. மாமரத்தடியிலும் எரிந்தது, மாடி அறையிலும் எரிந்தது, ஐஸ் கட்டிகளை வாளியில் போட்டுக் காலை வைத்துக்கொண்டாலும் எரிந்தது. அவருடைய மனைவி எலோயிசா ஒருநாள் விசிறியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "என்னால வீசி மாளலை கசிமீரோ. உங்க ஆளு ஊர் ஊரா படுத்துக் கிடக்கான், நான் இங்க யாருக்கு வீசுறேன்?"

பதவியின் கடைசி வருஷம். அந்த நாட்டில் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் ஜனாதிபதி பதவி, மழை தொடங்குகிற மாதத்தில் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் தோன் ப்ரூனோ தலைநகருக்கு நேரில் வந்தார். ஊரே கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறது என்றார். தொமித்திலா எல்லார் முன்னாலும் வந்து, நீங்க கொடுத்த வாக்கை மன்னிச்சு விட்டேன் என்று சொல்லிவிடுவாள். அதோடு உங்கள் பாரம் இறங்கிவிடும், நிழல் எங்கள் ஊருக்கே நிரந்தரமாகிவிடும். "பாலம் கட்டினா நிழல் உங்களோட போயிடும், தோன் கசிமீரோ. சந்தை போயிடும். எங்களுக்கு இது போதும். நீங்கதான் கொடுத்துட்டீங்களே."

கசிமீரோவுக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காக அவர் அப்போது வெட்கப்படவில்லை, பின்னால்தான் பட்டார். கோடைக்காலத்து மத்தியானம் ஒன்றில் பட்டையைப் போட்டுக்கொண்டு சாந்தா ரீத்தாவில் போய் இறங்கினார். ஊர் பூமாலையோடு காத்திருந்தது. தொமித்திலா மேசையைத் துடைத்து, இலை மடிப்பைப் பிரித்து, ஒரு தமாலை அவர் முன்னால் வைத்தாள். அவர் தொப்பியின் நிழலில், தன்னுடைய சொந்த நிழலில், முதல்முறையாக உட்கார்ந்தார். குளிர்ச்சி முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. பாதித் தமால் வாயில் இருக்க, நாட்டின் ஜனாதிபதி கோயில் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டார். ஊர் ஜனம் பூமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் எழுந்திருக்கட்டும் என்று காத்து நின்றது.

அவர் கண் விழித்தபோது எதிரே ஒரு சிறுமி நின்றிருந்தாள். பாவாடை இடுப்பு வரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது, தலையில் புத்தக மூட்டை. தொமித்திலாவின் மகள் நியெவெஸ். பனி என்று அர்த்தம், அந்த ஊரில் ஒருத்தரும் பார்த்திராத பொருள். கோடை ஆதலால் ஆற்றில் இறங்கி நடந்தே வந்திருக்கிறாள். இடுப்பில் உட்கார்ந்திருந்த குழந்தை இவ்வளவு உயரமாகிவிட்டதா என்று கசிமீரோ பார்த்தார்.

"மழைக்காலத்துல எப்படிம்மா வருவே?" என்று கேட்டார்.

"தண்ணி வடிஞ்சா வருவேன். இல்லேன்னா கயித்தைப் பிடிச்சிக்கிட்டு வருவேன்," என்றாள் நியெவெஸ். "போன வருஷம் கயிறு அறுந்துச்சு. மரத்தைப் பிடிச்சிக்கிட்டேன்."

தோன் ப்ரூனோ தொண்டையைச் செருமினார். "ஆரம்பிக்கலாமா? தொமித்திலா, எழுந்திரு. நாம பேசின மாதிரி ஒரு வார்த்தை சொல்லிடு."

தொமித்திலா எழுந்தாள். கையை இடுப்புத் துணியில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். சொல்வதாகத்தான் வந்திருந்தாள், ஊரோடு பேசி ஒத்துக்கொண்டும் இருந்தாள். மகளுடைய பாவாடையிலிருந்து தரையில் தேங்குகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"இந்தத் தொப்பி நிழல்ல உட்கார்ந்துதான் இவளை வளர்த்தேன், தோன் கசிமீரோ. நன்றி கெட்டவ இல்லே நான். ஆனா மழை பிடிச்சுதுன்னா, இவ வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் நிழல்ல இருக்கேனா வெயில்ல இருக்கேனான்னே எனக்குத் தெரியுறதில்லே. நான் நிழல் கேக்கலை. பாலம் கேட்டேன். என்னால மன்னிக்க முடியலை."

கசிமீரோ எழுந்தார். அவருடைய கை தானாகவே உயர்ந்தது, வாய் பழக்கத்தில் இனிப்பாகக் குவிந்தது. அத்தனை வருஷம் சோறு போட்ட சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நியெவெஸ் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தச் சொல்லின் வாலைப் பல்லால் கடித்து நிறுத்தினார்.

"ஓரா," என்றார்.

ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாடு கன்று ஈனுகிற நேரத்தில், வீடு தீப்பிடித்த நேரத்தில் தவிர, அந்தச் சொல்லை வால் இல்லாமல் அங்கே யாரும் சொல்வதில்லை. ஜனாதிபதிக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று தோன் ப்ரூனோ தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

ஜனாதிபதி திரும்பிப் போகவில்லை. அரண்மனைக்குப் பின்னால் புது விருந்து மண்டபம் கட்ட இரும்பும் சிமெண்டும் இறக்கி வைத்திருந்தார்கள், அத்தனையையும் லாரிகளில் சாந்தா ரீத்தாவுக்கு வரவழைத்தார். என்ஜினியர்கள் வந்தார்கள். எலோயிசா ஒரு பெட்டியோடு வந்து, பாதிரியார் வீட்டுப் பின்கட்டில் குடித்தனம் வைத்தாள். நாட்டின் ராஜாங்கம் அந்தக் கோடை முழுக்க ஆற்றங்கரையில்தான் நடந்தது. ஜனாதிபதியைப் பார்க்க வேண்டுமா, கரை மேட்டிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வா, அதுதான் விதி. வெள்ளை சூட்டுப் போட்ட வெளிநாட்டுத் தூதர் கல் தூக்கினார். மந்திரிகள் தூக்கினார்கள். மார்பு நிறையப் பதக்கம் குத்திய ஜெனரல் ஒருவர் திட்டிக்கொண்டே தூக்கினார், பின்னால் ஒரு வாரம் கழித்து, தன் கல் எந்தத் தூணில் இருக்கிறது என்று கேட்டு ஆள் அனுப்பினார்.

தூண் எழும்ப எழும்ப நிழல் கரைந்தது. முதலில் போனது தொப்பி. தொமித்திலாவின் மேசை வெயிலுக்கு வந்துவிட்டது. அவள் தலையில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். ஊர் அவளிடம் பேசுவதை நிறுத்தியது. தமால் வாங்குவதையும் நிறுத்தியது. உன் ஒரு பிள்ளைக்காக எங்கள் பிழைப்பெல்லாம் போச்சு என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள், சொன்னவர்கள் பிள்ளைகளும் அதே ஆற்றைத்தான் தாண்டினார்கள் என்பது வேறு விஷயம். சாயங்காலங்களில் விற்காத தமாலைக் கல் தூக்குகிறவர்களுக்கு அவள் சும்மா கொடுத்தாள். ஒருநாள் கசிமீரோ அவள் கையிலிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு, தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். இத்தனை பேரை இப்படிக் காத்திருக்கப் பழக்கியது நான்தானே என்று நினைத்து நினைத்து அழுதார். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு கல் தூக்கப் போனார்.

இரும்புச் சட்டங்கள் இரண்டு கரையையும் தொட்டுவிட்டன. மேலே பலகை போட வேண்டியதுதான் பாக்கி. இரண்டு பக்கமிருந்தும் போட்டுக்கொண்டு வந்து, நடுவில் கொஞ்சம் இடம் இருக்கும்போது பலகை தீர்ந்துவிட்டது. மரம் அறுக்கிறவனுக்கு ஆள் அனுப்பினார்கள். அவன் என்ன பதில் சொல்லி அனுப்பினான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மழை அந்த வருஷம் முந்திக்கொண்டது. மத்தியானம் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். மலைப்பக்கம் கறுத்தது, முதல் தூறல் இங்கே விழுவதற்குள் ஆறு சத்தம் போட்டுக்கொண்டு வந்துவிட்டது. அக்கரை தாழ்ந்த கரை. பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிக் கரைக்கு வந்தபோது, பின்னால் பாதை முழுகிவிட்டது. போவதற்கு இருந்த ஒரே மேடு பாலம்தான். எல்லாரும் அதில் ஏறினார்கள். பலகை முடிந்த இடத்தில் வந்து நின்றார்கள். முன்னால் வெறும் இரும்புச் சட்டங்கள், அடியில் பழுப்புத் தண்ணீர் மரங்களைப் புரட்டிக்கொண்டு போனது. பின்னால் அக்கரைப் பக்கத்து மண்மேட்டை ஆறு அரித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நியெவெஸ், இரண்டு கையிலும் இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இக்கரையில் ஊரே கூடிவிட்டது. பலகை எங்கே, பலகை எங்கே என்று கசிமீரோ கத்தினார். அரண்மனை விருந்து மண்டபத்துக்காக வந்த கதவைக்கூட ஏற்கனவே போட்டாகிவிட்டது. அப்போது தொமித்திலா திரும்பி ஓடினாள். தமால் பானையைச் சதுக்கத்தில் கவிழ்த்தாள், மேசையைத் தலையில் தூக்கிக்கொண்டு பாலத்தின் மேல் ஓடிவந்தாள். கசிமீரோ மண்டிபோட்டு அதை வாங்கி, காலை உடைத்துவிட்டு, மேல்பலகையைச் சட்டங்களுக்குக் குறுக்கே போட்டார். போதவில்லை, ஒரு எட்டு வைக்கிற அகலம்தான் வந்தது.

தொமித்திலா ஊரைப் பார்த்தாள். சீட்டாடுகிற கூட்டம் ஓடியது. சீட்டுக்கட்டு மழையில் சிதற, மேசை வந்தது. பழக்கடைத் தட்டு வந்தது, காதலர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு வந்தது, பாவமன்னிப்புக் கூண்டின் கதவைப் பாதிரியாரே பெயர்த்துக்கொண்டு வந்தார். நிழலில் பிழைத்த அத்தனை மரச்சாமானும் கை மாறிக் கை மாறி ஆற்றின் நடுவுக்கு வந்தன. இன்னும் ஒரு ஆள் நீளம் பாக்கி இருந்தது. கடைசியாக, சலூனில் வாடிக்கைக்காரர்கள் உட்கார்கிற நீளப் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு தோன் ப்ரூனோ வந்தார். மூச்சு வாங்கியது. "தேக்கு. என் கல்யாணத்துக்குச் செஞ்சது. மெதுவா வைங்க," என்றார். வைத்த பிறகு, அது நகராமல் இருக்க, தானே ஒரு நுனியில் குப்புறப் படுத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மறு நுனியில் ஜனாதிபதி படுத்துக்கொண்டார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள், சீட்டாட்ட மேசை மேல், பழத்தட்டு மேல், பாவமன்னிப்புக் கதவு மேல். ஜனாதிபதியின் முதுகை மிதித்துக்கூட ஒரு வாண்டு போயிற்று. நியெவெஸ் எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்தாள், தன் அம்மாவின் மேசைப் பலகையைத் தாண்டி, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தொமித்திலா அவள் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அப்புறம்தான் அழுதாள்.

மழை நாள்கணக்கில் விடவில்லை. வெயில் இல்லாததால் யார் நிழல் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. அதற்குள் பதவிக் காலம் முடிந்துவிட்டது. பட்டையை ஒரு சிப்பாய் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, கசிமீரோ பாதிரியார் வீட்டுப் பின்கட்டில் எலோயிசாவோடு உட்கார்ந்து காப்பி குடித்தார். வெயில் வந்த அன்று சதுக்கம் முழுக்கப் பளிச்சென்று காய்ந்தது. ஒரு கடை இல்லை, ஒரு கழுதை இல்லை. அவர் வாசலில் இறங்கியபோது காலடியில் நிழல் விழுந்தது, கையைத் தூக்கிக்கொண்டே. மேடையில் நின்ற பழக்கம். கையைக் கீழே போட அதற்குச் சில நாள் பிடித்தது.

சாந்தா ரீத்தா மூழ்கிப்போகவில்லை. லாரியில் பலகை வந்தது, பாலத்தில் லாரி ஓடியது. அவரவர் மேசை அவரவரிடம் திரும்பிப் போயிற்று, உடைந்த கால்களை மட்டும் புதிதாக அடித்துக்கொண்டார்கள். தொமித்திலா அக்கரைக் கடைவீதியில் தமால் விற்கிறாள். அவளிடம் பேசுவதை நிறுத்தியவர்கள்தான் இப்போது வாயை மூடாமல் பேசுகிறார்கள்.

கசிமீரோ பஸ் ஏறி லாஸ் பால்மாஸுக்குப் போனார். முன்னாள் ஜனாதிபதி என்று யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை, தோளில் ஒரு மண்வெட்டி இருந்தது, அவ்வளவுதான். கிணறு கேட்ட ஊர் அது. பெண்கள் இன்னும் மலையிறங்கிப் போய்த்தான் தண்ணீர் சுமந்தார்கள். சதுக்கத்தில் அவருடைய இரண்டாவது நிழல் கிடந்தது, அதன் மேல் பானைக்கடைகளும் துணிக்கடைகளும் நெருக்கிக்கொண்டு இருந்தன. பானை விற்கிற ஒருத்தி அவர் முகத்தைப் பார்த்தாள், அவர் காலடியைப் பார்த்தாள், மண்வெட்டியைப் பார்த்தாள். சாந்தா ரீத்தா சமாசாரம் அவளுக்கு எட்டியிருந்தது. அவர் வாயைத் திறக்கப் போனார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், தோன் கசிமீரோ," என்றாள் அவள், பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துத் திரும்பினாள். "எழுந்திருடி. அந்தப் பக்கம் பிடி."

அவர்கள் பானைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் வைத்தார்கள். துணிகளைச் சுருட்டினார்கள். மேசைகள் நகர்ந்தன. இடம் ஒழிந்ததும் கசிமீரோ தொப்பியைக் கழற்றி ஒரு பானை மேல் வைத்துவிட்டு, தன் நிழலின் நெஞ்சில் நின்று முதல் வெட்டு வெட்டினார். இத்தனை வருஷம் வெயில் படாமல் கிடந்த மண், மண்வெட்டியில் ஈரமாக வந்தது.